நான் விலாவில் கை வைக்காத பிரிட்ஜ்

போன மாதம் சஜின் போனில் கூப்பிட்டான். மார்த்தாண்டத்தில் நான் வேலை பார்த்த சர்வீஸ் சென்டரில் இப்போது அவன்தான் மூத்த மெக்கானிக். நாற்பது வயது தாண்டியவன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்.

"அண்ணே, ஒரு வீட்டுல பிரிட்ஜால கரண்டு பில்லு ஏறுகுன்னு கம்ப்ளெய்ண்ட். எல்லாம் பாத்தாச்சு, ஒரு கொழப்பமும் இல்ல. பயன்பாட்டு முறைன்னு போட்டு முடிச்சிரட்டுமா?" என்றான்.

இப்போது காகிதத்தில் வேலைச் சீட்டு எழுதுவது கிடையாது. போனில் ஒரு பட்டியல் வரும், காரணத்தைப் பார்த்து விரலால் தொட்டால் போதும், வேலை முடிந்தது. அதில் 'பயன்பாட்டு முறை' என்றால் பிரிட்ஜில் குறை இல்லை, வீட்டில் உள்ளவர்கள் அதை வைத்துக்கொள்கிற விதத்தில்தான் குறை என்று பொருள்.

"அதைத் தொட்டியானா எனக்குப் போன் பண்ணாத" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

"எதுக்கு அண்ணே இவ்வளவு கோவப்படுதிய?" என்றான் பாவம். போனில் சொல்லி முடிகிற காரியம் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்கு எழுத்து ஓடாது. முப்பத்திநான்கு வருடம் ஸ்பேனர் பிடித்த கை.

ஐ.டி.ஐ. முடித்து வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் ஒன்றும் இல்லை. கம்ப்ரசர் சுமந்தேன், செம்புக் குழாய் பற்றவைத்தேன், கேஸ் நிரப்பினேன். அதில் மிச்சம் முதுகு வலி மட்டும்தான். நான் தொழில் படித்தது அதற்குப் பிறகு, தங்கப்பன் சாரின் பின்னால் பை தூக்கிக்கொண்டு வீடு வீடாக நடந்தபோது.

தங்கப்பன் சார் எங்கள் மேற்பார்வையாளர். குழித்துறைக்காரர். கடிகாரத்தை வலது கையில் கட்டுவார். சட்டைப் பையில் பழைய காலண்டர் தாளை விரல் அகலத்துக்கு வெட்டி ஒரு கத்தை வைத்திருப்பார். யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. தப்புச் செய்தவன் எதிரே வந்து நின்றால் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைப்பார். துடைத்துக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்பார். அதையும் ஒரு தடவைதான் கேட்பார். அதற்கு நாலு அடி வாங்கியிருக்கலாம் என்று இருக்கும்.

கரண்ட் அதிகம் இழுக்கிறது என்று கூப்பிட்ட வீட்டுக்குப் போனால் அவர் செய்கிற முதல் வேலை, ஒரு நாற்காலி கேட்டு வாங்கி பிரிட்ஜுக்கு எதிரே போட்டு உட்காருவது. கதவைத் தொட மாட்டார், என்னையும் தொட விட மாட்டார்.

"கதவத் தொறந்தா பின்ன அது பொய் சொல்லத் தொடங்கும் கேட்டியா. நாம வராத நேரத்துல அது என்ன செய்யுகு? அதாக்கும் நமக்குத் தெரிய வேண்டியது" என்பார்.

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். கம்ப்ரசர் எத்தனை நிமிடம் ஓடுகிறது, எத்தனை நிமிடம் நின்று ஓய்வெடுக்கிறது என்று சீட்டின் ஓரத்தில் குறிப்பார். அரை மணி, சில சமயம் ஒரு மணி நேரம். வீட்டுப் பெண்கள் உள்ளே இருந்து எட்டி எட்டிப் பார்ப்பார்கள். பள்ளியாடியில் ஒரு வீட்டில், "இந்த சாரு டி.வி. பாக்கது போல்லா பிரிட்ஜப் பாத்திட்டு இருக்காரு" என்று அவர் காதுபடவே சிரித்தார்கள். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது விலா. பிரிட்ஜின் இரண்டு பக்கத் தகட்டையும் அவர் விலா என்றுதான் சொல்வார். உள்ளங்கையை விரித்து முதலில் இடது பக்கம், பிறகு வலது பக்கம், மேலிருந்து கீழே மெதுவாக இறக்குவார். பழைய பெட்டிகளில் முதுகில் கறுப்பாக ஒரு கம்பி வலை இருக்கும், உள்ளே இருக்கிற சூட்டை அதன் வழியாக வெளியே தள்ளும். பிறகு வந்த பெட்டிகளில் வலை வெளியே தெரியாது. குழாயைப் பக்கத் தகட்டுக்குள் வைத்து அடைத்திருப்பார்கள். அதனால் விலா சுட வேண்டும். காய்ச்சல்காரன் நெற்றி அளவுக்குச் சூடு இருந்தால் நல்லது. அடுப்பாகச் சுட்டால் காற்று போகவில்லை. குளிர்ந்து கிடந்தால் கேஸ் போய்விட்டது.

"எல்லாரும் குளிரப் பாப்பாவ. நீ சூட்டப் பாரு. பிரிட்ஜுன்னா குளிர உண்டாக்குத சாதனம் இல்ல, சூட்டச் சொமந்து வெளிய கொண்டு போடுத சொமட்டுக்காரன். அவன் போற வழி தெளிவா இருக்கான்னு பாரு. பொறவு மத்தது."

அதன் பிறகு பெட்டிக்கும் சுவருக்கும் இடையே ஒரு கை அகலம் இடைவெளி இருக்கிறதா என்று பார்ப்பார். காலண்டர் துண்டைக் கதவு ரப்பருக்குள் வைத்து மூடி இழுப்பார். நாலு மூலையிலும் கீல் பக்கத்திலும் தாள் இழுக்க முரண்டு பிடிக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே ரப்பர் செத்துவிட்டது. கடைசியில்தான் கதவைத் திறப்பார். ஐஸ் விரல் கனத்துக்கு மேல் கட்டியிருக்கிறதா, சூடு ஆறாத குழம்புச் சட்டி உள்ளே இருக்கிறதா, காற்று வருகிற துவாரத்தைக் காய்கறிப் பை அடைத்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். அப்புறம் வீட்டில் மற்ற எல்லா சுவிட்சையும் அணைக்கச் சொல்லி மீட்டர் பக்கம் போய் நிற்பார்.

இவ்வளவுக்கும் பிறகுதான் பேனாவைத் திறப்பார். எங்கள் சீட்டில் காரணம் எழுத ஒரு கோடு உண்டு. அதில் எழுதக்கூடாது என்று அவர் தடை போட்டிருந்த ஒரே வாசகம், 'கதவு அடிக்கடி திறக்கப்படுகிறது'. ஒன்றும் பிடிபடாத மெக்கானிக் எழுதுகிற வாசகம் அது. எந்த வீட்டில்தான் பிரிட்ஜ் கதவைத் திறக்காமல் இருக்கிறார்கள்? உண்மையில் அதனால் போகிற கரண்ட் கொஞ்சம்தான். பில் இரட்டிப்பாகிற அளவுக்கு யாரும் கதவைத் திறந்து விளையாடுவதில்லை. "அப்படி எழுதணும்னா நிரூபிச்சிட்டு எழுது" என்பார்.

அவரிடமிருந்து பிரிந்து தனியாக வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகும் அந்த வரிசையை நான் விடவில்லை. அதனால் பேரும் கிடைத்தது. தக்கலையில் ஒரு வாத்தியார் வீட்டில் பிரிட்ஜை அடுப்புக்கும் சுவருக்கும் நடுவே சொருகி வைத்திருந்தார்கள். காலையில் இட்லி ஆவி முழுவதும் அதன் விலாவில்தான் அடிக்கும். எதிர்ச்சுவருக்கு நகர்த்தினேன், அவ்வளவுதான் வேலை. வாத்தியாருக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. "ஒரு பார்ட்டும் மாத்தாண்டாமா?" என்று மூன்று தடவை கேட்டார்.

அஞ்சுகிராமத்தில் ஒரு வீட்டில் இரண்டு பிரிட்ஜ். சமையலறையில் இருந்த புதியது சும்மா இருந்தது, பழையது பின்பக்கம் ஓட்டுச் சாய்ப்பில் மதிய வெயில் படுகிற இடத்தில் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. திறந்து பார்த்தால் நாலு தண்ணீர் பாட்டிலும் ஒரு பொட்டலம் புளியும்.

"புளிக்கு எதுக்கு அக்கா பிரிட்ஜு?"

"வண்டு விழாம இருக்கும்லா" என்றார் அந்த அம்மாள், நான்தான் விவரம் கெட்டவன் என்பது போல. பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்தேன்.

இப்படியே போயிருந்தால் நானும் கர்வத்தோடு ஓய்வு பெற்றிருப்பேன். கெடுத்தது குளச்சலுக்கு மேற்கே கடற்கரையில் ஒரு வீடு. எனக்கு அப்போது நாற்பது வயது. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லாத வயது.

அந்த வீட்டுக்காரம்மாள் பெயர் பிலோமினாள். புருஷன் செத்த பிறகு மீன் சுமந்து விற்று மகனை வளர்த்தவள். மகன் ஆன்றோ ஆழ்கடலுக்குப் போகிற விசைப்படகில் வேலை. போனால் திரும்பி வர இருபது நாள், சில சமயம் ஒரு மாதம். மருமகள் ஷைனி இரணியல் பக்கத்துப் பெண். கடற்கரைக்கு வெளியே இருந்து வந்தவள், டிகிரி படித்தவள். கல்யாணம் ஆகி எட்டு மாதம்.

புகார் இதுதான். ஆறு மாதமாகக் கரண்ட் பில் ஏறிக்கொண்டே போகிறது. அதுகூடப் பரவாயில்லை, பிரிட்ஜில் வைக்கிற மீன் இரண்டாம் நாளே நாறுகிறது. ஊர்க் கோயில் பங்குச்சாமியாரைச் சாப்பிடக் கூப்பிட்ட அன்று நெய்மீன் கெட்டுப்போய்விட்டது. மீன்காரி வீட்டில் நாறின மீன் என்றால் ஊருக்குள் தலை காட்ட முடியுமா? பிலோமினாளுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"இவ எந்நேரமும் கதவத் தொறந்து வச்சிட்டு உள்ளயே பாத்திட்டு நிப்பா தம்பி. கரையில வளந்த பிள்ளையா இருந்தா மீன வைக்கத் தெரியும். இவளுக்கு என்ன தெரியும்?" என்று நான் பையைக் கீழே வைப்பதற்குள் சொல்லிவிட்டாள்.

ஷைனி அடுக்களை வாசலில் நின்றாள்.

பிரிட்ஜ் முன்னறையில், மூலையோடு மூலையாகச் சுவரில் ஒட்டி நின்றது. நீலத் துணியில் தைத்த உறை, கதவு மட்டும் வெளியே தெரியும்படி மூன்று பக்கமும் தரைவரை தொங்கியது. உச்சியில் மாதா சொரூபம், இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் பூ, சிவப்பாக ஒரு சின்ன விளக்கு. உப்புக் காற்றில் தகடு அரித்துவிடும் என்று கடற்கரை வீடுகளில் உறை போடுவது வழக்கம்தான்.

அந்த உறையைத் தூக்க வேண்டும் என்றால் மாதாவை இறக்க வேண்டும். நான் புராட்டஸ்டண்ட் சபைக்காரன். எங்கள் கோயிலில் சொரூபம் கிடையாது. எந்தக் கையால் தொடுவது, எங்கே இறக்கி வைப்பது என்று எனக்குத் தெரியாது. ஏடாகூடமாக எதையாவது செய்து அந்த அம்மாள் மனசு நொந்துவிடுமோ என்று தயங்கினேன். வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதற்குப் பின்னால் மார்த்தாண்டத்தில் வேறொரு வீட்டு வேலையும் காத்திருந்தது.

உறை மேலேயே கையை ஒப்புக்கு வைத்து எடுத்தேன். துணி துணியாகத்தான் இருந்தது. தாள் வைத்து ரப்பரை இழுத்துப் பார்த்தேன், நன்றாக இருந்தது. வீட்டுக்கு வருகிற வோல்டேஜ் சரியாக இருந்தது. கம்ப்ரசர் மட்டும் நிற்கவே இல்லை, நான் இருந்த முக்கால் மணி நேரமும் ஓடிக்கொண்டே இருந்தது. ஏன் நிற்கவில்லை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த அம்மாளிடம் பதில் தயாராக இருந்தது.

இதற்கிடையில் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று உட்கார வைத்துவிட்டாள். அன்று பிடித்த சாளை மீன், தேங்காய் அரைத்த குழம்பு. பரிமாறியது ஷைனி. நான் வேண்டாம் என்று சொல்லியும் இன்னொரு கரண்டி ஊற்றினாள். அவள் கையால் தின்றுவிட்டு, கை கழுவி வந்து, சீட்டில் 'கதவு அடிக்கடி திறக்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"என்ன எழுதினீங்க சார்?" என்று கேட்டாள் அவள்.

"சும்மா பாத்து உபயோகிக்கணும்னு எழுதியிருக்கு" என்றேன். நகலைக் கிழித்து மாமியார் கையில் கொடுத்துவிட்டு வெளியேறினேன்.

சாயங்காலம் தங்கப்பன் சார் அன்றைய சீட்டுகளை வாசித்தார். அவருக்கும் ஓய்வு நெருங்கியிருந்த சமயம். என் சீட்டு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"வெலாவுல கை வச்சியா?"

"வச்சேன் சார்" என்றேன்.

பதினேழு வருடமாக அவரிடம் நான் பொய் சொன்னதில்லை. அதனால் நம்பிவிட்டார். கீழே கையெழுத்துப் போட்டு அடுத்த சீட்டை எடுத்தார்.

ஒரு மாதம் கழித்து ஷைனி சர்வீஸ் சென்டருக்கு வந்தாள். தனியாக, பஸ்ஸில். போனில் என் சீட்டின் படத்தைத் திறந்து மேஜையில் வைத்தாள்.

"இத எழுதினது நீங்கதானே சார்?"

ஆமாம் என்றேன்.

சீட்டு வந்த மறுநாளே மாமியார் ஆசாரியைக் கூப்பிட்டு பிரிட்ஜ் கதவில் கொண்டி அடித்துப் பூட்டுப் போட்டிருக்கிறாள். சாவி மாமியார் இடுப்பில். பால் எடுக்கவும் இவள் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். கடலில் இருந்த ஆன்றோவுக்குச் செய்தி போயிருக்கிறது. "கம்பெனிக்காரனே எழுதிக் குடுத்திருக்கான், நீ பின்ன எதுக்கு நியாயம் பேசுத?" என்று கேட்டிருக்கிறான். அன்று பையை எடுத்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனவள்தான்.

"அவிய படகு நாளைக்குக் கரைக்கு வருகு. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு சாமியார் முன்னால ரெண்டு வீட்டுக்காரங்களும் பேசப் போறாவ. அந்தப் பேச்சுல இந்தச் சீட்டுதான் சாட்சி. பிரிட்ஜுக்காக ஒருத்தி வாழ்க்கை போவுமான்னு நீங்க நெனைப்பீங்க. பிரிட்ஜ் இல்ல சார். நான் பொறுப்பில்லாதவ, பொய்க்காரி, அதுதான் பேச்சு."

அழவில்லை. போனில் அடுத்த படத்தைத் தள்ளிக் காட்டினாள்.

"நான் கதவத் தொறந்தா மனசுக்குள்ள எண்ணுவேன் சார். அஞ்சு எண்ணி முடிக்கதுக்குள்ள அடச்சிருவேன். மாமி சொல்லத் தொடங்கின நாள் முதலா அப்படித்தான். தெனமும் ராவிலே மீட்டரப் படம் எடுத்தும் வச்சிருக்கேன். நான் அந்த வீட்ட விட்டு வந்து பத்தொம்பது நாள் ஆவுது. பிரிட்ஜு பூட்டிக் கெடக்கு. நீங்க போய் மீட்டரப் பாருங்க. கொறஞ்சிருந்தா குத்தம் எனக்கதுதான், நான் ஒத்துக்கிடுதேன். கொறையல்லன்னா, அந்தக் கையாலயே மாத்தி எழுதித் தாங்க."

அவளை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போய் தங்கப்பன் சாரிடம், "சார், நான் வெலாவுல கை வைக்கல்ல. உறைக்கு மேல வச்சேன்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. சீட்டுக் கட்டை எடுத்து, தேடி, என் சீட்டை உருவினார்.

"இதுல எனக்க கையெழுத்தும் கெடக்கே எடே" என்றார்.

சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். வெளியே வந்து அந்தப் பெண்ணிடம், "மக்களே, சனியாச்ச நாங்க போறோம். என்ன உண்டோ அத எழுதித் தருவோம். ஒனக்குச் சாதகமாவும் எழுத மாட்டோம், பாதகமாவும் எழுத மாட்டோம்" என்றார்.

அவளும், "அது போதும் சார்" என்றாள்.

சனிக்கிழமை காலை பஸ் பிடித்துப் போனோம். பிலோமினாள் வாசலிலேயே மறித்தாள். "சரியாத்தானே எழுதித் தந்திய. இனி என்ன பாக்க?" என்றாள்.

"நாங்க செய்த வேலையில தப்பு உண்டான்னு பாக்க வந்திருக்கோம் அம்மா. ஒங்களக் குத்தம் சொல்ல வரல்ல" என்றார் சார். அவள் வழிவிட்டாள். ஆன்றோ முந்தின நாள் கரையேறியவன், கண் சிவந்து, லுங்கியோடு வந்து சுவரில் சாய்ந்து நின்றான்.

முதலில் மீட்டர். ஷைனி அனுப்பியிருந்த படங்களை வைத்துக் கணக்குப் போட்டோம். அவள் இருந்த நாட்களுக்கும் இல்லாத நாட்களுக்கும் ஒரு துளி வித்தியாசம் இல்லை. பிறகு சார் நாற்காலி கேட்டு வாங்கி, பிரிட்ஜுக்கு எதிரே உட்கார்ந்தார். ஒரு மணி நேரம். வீட்டில் மற்ற சுவிட்ச் எல்லாம் அணைத்திருந்ததால் அந்தக் கம்ப்ரசரின் இரைச்சல் மட்டும்தான் கேட்டது. ஒரு தடவைகூட நிற்கவில்லை. பூட்டிக் கிடக்கிற, யாரும் திறக்காத பிரிட்ஜ்.

சார் எழுந்தார். "அம்மா, மாதாவக் கொஞ்சம் எறக்கி வைக்கணுமே" என்றார்.

அவ்வளவுதான். பிலோமினாள் முந்தானையில் கையைத் துடைத்து, சொரூபத்தைத் தூக்கி நெற்றியில் ஒற்றி, நாற்காலியில் வைத்தாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கும் இதே போல எடுத்துத் தந்திருப்பாள். எனக்கு முகத்தில் யாரோ அறைந்தது போல் இருந்தது.

"கை வய்யி" என்றார் சார் என்னைப் பார்த்து.

உறையைத் தூக்கினேன். உள்ளே தகடே தெரியவில்லை. இரண்டு விலாவிலும் முதுகிலும் இரண்டு விரல் கனத்தில் வெள்ளைத் தெர்மாகோல், இடுக்கு விடாமல், படகுக்கு ஒட்டுகிற கறுப்பு டேப்பால் சுற்றி ஒட்டப்பட்டிருந்தது. அவ்வளவு சுத்தமான வேலை. விளிம்புகூட வளையவில்லை.

"அது நான் ஒட்டினதாக்கும்" என்றான் ஆன்றோ. பெருமையாகத்தான் சொன்னான். "கல்யாணம் கழிஞ்சு ரெண்டாம் மாசம் கடலுக்குப் போறதுக்கு முன்ன ஒட்டினேன். எங்க படகுல மீன்பெட்டிக்கு இப்படித்தான் ஒட்டுவோம். இருவது நாள் ஐஸ் அப்படியே நிக்கும். குளிரு வெளிய போவாது, கரண்டும் மிச்சமாவும்லா?"

நான் விரலால் எண்ணிப் பார்த்தேன். பில் ஏறத் தொடங்கிய மாதமும் அவன் சொன்ன மாதமும் ஒன்று.

சார் அவனைத் தன் பக்கத்தில் கூப்பிட்டார். "படகு மீன்பெட்டிக்கு நீங்க ஐஸ வெளிய இருந்து கொண்டு வந்து போடுதிய. அது போவாம காக்கணும், அதுக்கு இது சரி. இந்தப் பெட்டிக்கு யாரு ஐஸ் கொண்டு வந்து போடுதா? இது உள்ள இருக்குத சூட்ட எடுத்து இந்த ரெண்டு பக்கமும் வழியாக்கும் வெளிய தள்ளுதது. சரி, ஒங்க படகு எஞ்சின்ல புகைக்குழல மெத்த வச்சு அடச்சா என்ன ஆவும்?"

ஆன்றோ கொஞ்ச நேரம் தெர்மாகோலையே பார்த்தான். தொழில்காரன், அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"எஞ்சின் தவிச்சுப் போவும்" என்றான். குரல் இறங்கிவிட்டது. "ஏழு மாசமா இது தவிச்சுக்கிட்டா கெடந்துது?"

அவனே கத்தி எடுத்து வந்து டேப்பை அறுத்தான். பாளம் பாளமாகப் பிய்த்தான். அடியில் தகடு கை வைக்க முடியாமல் கொதித்தது. பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு கை அகலம் முன்னால் இழுத்தோம். பின்னறையிலிருந்த மேஜை விசிறியைக் கொண்டுவந்து அதன் மேல் காற்று வீச வைத்தோம். பிறகு சார் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார், நான் தரையில்.

பிலோமினாள் சோறு போடுகிறேன் என்றாள். எனக்கு இறங்காது என்று தெரிந்தது, வேண்டாம் என்றேன்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. சட்டென்று ஒரு சின்ன குலுங்கல், கம்ப்ரசர் நின்றது. வீடு ஒரேயடியாக அமைதியானது. வெளியே அலை சத்தம் உள்ளே கேட்டது.

பிலோமினாள் அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள். "ஐயோ, நின்னு போச்சே! கெட்டுப் போச்சா தம்பி?"

ஏழு மாதமாக அந்த வீட்டில் யாரும் அது நின்று கேட்டதில்லை.

"இல்லம்மா. இப்பதான் நல்லாச்சு" என்றார் சார்.

அவள் புரிந்துகொண்டாள் என்பது முகத்தில் தெரிந்தது. கதவில் தொங்கிய பூட்டைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள். "எனக்கப் பிள்ளையில்லா ஒட்டுச்சு... நான் அந்தப் பிள்ளையப் போய்..." என்று தொடங்கி முடிக்காமல் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் பூசை முடிந்து சாமியார் வீட்டில் கூடினார்கள். என்னையும் சார் போகச் சொன்னார். "எழுதினவன்தான் வாசிக்கணும்" என்றார். புதுச் சீட்டை எழுந்து நின்று வாசித்தேன். காரணம் என்ற இடத்தில் பக்கங்களில் தெர்மாகோல் ஒட்டியதால் சூடு வெளியேறவில்லை என்று இருந்தது. அதன் கீழே, முதல் வருகையில் மெக்கானிக் உறையை நீக்கிப் பார்க்கவில்லை, கதவு திறப்பதாக எழுதியது தவறு என்று இருந்தது.

சாமியார் பழைய சீட்டைக் கிழித்துப் போடலாம் என்றார். ஷைனி விடவில்லை.

"கிழிக்காண்டாம் ஃபாதர். ரெண்டையும் சேத்துப் பின் குத்தித் தாங்க" என்றாள். வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு ஆன்றோவைப் பார்த்தாள். "பிரிட்ஜுகிட்ட என்னன்னு கேக்க ரெண்டு பேரு மார்த்தாண்டத்துல இருந்து வந்தாவ. நீங்க எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?" என்றாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அன்று அவள் அவனோடு போகவில்லை. கதவில் உள்ள கொண்டியைக் கழற்றிவிட்டு வந்து கூப்பிடச் சொன்னாள். அவன் அடுத்த நாளே கழற்றியிருக்கிறான். அவள் மூன்று வாரம் கழித்துத்தான் போனாள். சரிதான் என்று எனக்குத் தோன்றியது.

தங்கப்பன் சார் அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் ஓய்வு பெறும்வரை என் சீட்டை வாசிக்கும்போது அவர் கை ஒரு நொடி நிற்கும். அந்த நொடி நான் சம்பாதித்ததுதான்.

ஏறத்தாழ ஒரு வருடம் கழித்து, அந்த ஊரில் வேறு வேலைக்குப் போனபோது அவர்கள் வீட்டிலும் ஏறினேன். பிரிட்ஜ் சுவரிலிருந்து தள்ளி நின்றது. உறை இல்லை. மாதாவுக்குத் தனியாகச் சுவரில் மரப்பலகை அடித்திருந்தார்கள். கதவில் கொண்டி இருந்த இடத்தில் நாலு ஆணித்துளை, மேலே வெள்ளைப் பெயிண்ட் தொட்டிருந்தார்கள். நான் கேட்காமலே உள்ளங்கையை விரித்து இரண்டு விலாவிலும் வைத்துப் பார்த்தேன். சரியான சூடு.

"பில்லு எப்படி இருக்கு அக்கா?"

"இப்ப பாதிதான் வருகு தம்பி" என்றாள் பிலோமினாள். பிறகு உள்ளே திரும்பி, "ஏட்டி ஷைனி, தம்பிக்குச் சாயா போடு மக்கா. நல்லா பால் விட்டுப் போடு" என்று சத்தம் போட்டாள். பழைய கடுப்பு அந்தக் குரலில் இல்லை.

ஷைனி சிரித்துக்கொண்டே வந்தாள். வயிறு தெரியத் தொடங்கியிருந்தது. "கை வச்சுப் பாத்தாச்சா சார்?" என்று கிண்டல் செய்தாள். பிரிட்ஜ் கதவைத் திறந்து பால் பாத்திரத்தை எடுத்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவள் உதடு அசைந்தது. சத்தமில்லாமல், லேசாக.

"இனி எதுக்கு மக்களே எண்ணுத?" என்றேன்.

அவள் கதவை அடைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை.

"யாரு சார் எண்ணினா?" என்றாள்.

அவளுக்குத் தெரியவில்லை. நான் அவள் உதட்டோடு சேர்ந்து எண்ணியிருந்தேன். நாலில் அடைத்தாள்.